புளி போட்டு விளக்கிய எடைக்கற்கள்

கோலாலம்பூரில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்து ரசாயன அறையில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வைப்பது, ஸ்பிரிட் விளக்குகளுக்குத் திரி மாற்றுவது, வாத்தியார் கேட்ட புட்டியை எடுத்துக் கொடுப்பது, அவ்வளவுதான். மலாயாவில் ஆபீசுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இப்படி நிற்கிற ஆளுக்குத் 'தம்பி' என்று பெயர். அது வயதைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. எனக்கு நாற்பது நடந்துகொண்டிருந்தபோது மீசை முளைக்காத பையன்களும் என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் படித்தது காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், நாலாம் வகுப்பு வரை. கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு, ஒரு கடிதம் எழுதுகிற அளவுக்குத் தமிழ். இங்கிலீஷ் காதில் விழுந்தால் பாதி புரியும், வாயில் வராது. தமிழும் எனக்கு வாயில் எளிதாக வருவதில்லை. யாராவது முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால் "சரிங்க" என்றுவிடுவேன். ஒருநாள் ரசாயன மாஸ்டர், "சாப்பிட்டீரோ?" என்று கேட்டதற்கும் "சரிங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. மேல் வகுப்பில் ரசாயனம் எடுத்தவர்கள் எட்டே பேர். இரண்டு தமிழர், நாலு சீனர், ஒரு மலாய்க்காரர், ஒரு சீக்கியர். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ரசாயனப் பரீட்சைக்குப் போகிற முதல் கூட்டம் அதுதான். டிசம்பரில் எழுதிய தாள்கள் கப்பலேறிச் சீமைக்குப் போய்த் திருத்தி வரவேண்டும். மாஸ்டர் அந்த எட்டுப் பேரையும் நெருப்பில் காய்ச்சுகிற மாதிரி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

வகுப்பு நடக்கும்போது என் இடம் கதவுக்குப் பின்னால், கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில். கை கழுவிக்கொண்டிருக்கும், கண் உள்ளே இருக்கும். நிறமில்லாத ஒரு தண்ணீரில் நிறமில்லாத இன்னொரு தண்ணீரை ஊற்றினால் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டது. பாட்டில் தேய்க்கிற தூளை விட அழுக்காக இருந்த ஒரு பொடியை நெருப்பில் காட்டினால் சுவாலை பச்சையாக எரிந்தது. ஏன் என்று கேட்க எனக்கு ஆசை இருந்தது. கேட்க வேண்டுமானால் பேச வேண்டும். அதனால் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஒரு சோதனை மட்டும் மாதக்கணக்கில் என்னை விடவில்லை. மாஸ்டர் தராசின் ஒரு தட்டில் மெழுகுவத்தியை வைத்து, அதன் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு கவிழ்த்து, அதற்குள் எதையோ நிரப்பி, மறு தட்டில் சரிக்குச் சரி எடை வைத்து வத்தியைக் கொளுத்தினார். வத்தி குறையக் குறைய அந்தத் தட்டு மேலே போகும் என்று நான் நினைத்தேன். கீழே போனது! எரிந்து குறைந்த மெழுகுவத்தி கனத்துவிட்டது. எட்டுப் பேரில் ஒருவன், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்சில் இருந்து வருகிற தமிழ்ப் பையன், வகுப்பு முடிந்து நடையில் மாஸ்டரை மறித்துத் தமிழிலேயே கேட்டான்.

"அதெப்படி சார்? எரிஞ்சு போனது போனதுதானே?"

"எங்கை போனது? போறதுக்கு இடம் வேணும் எல்லோ," என்றார் மாஸ்டர். "புகையாப் போனதை மேலை இருந்த மருந்து பிடிச்சு வைச்சிருக்கு. காத்தில இருந்ததையும் கொஞ்சம் சேர்த்துப் பிடிச்சிருக்கு. ஒண்டும் காணாமல் போகாது, பொடியா. இடம்தான் மாறும்."

அந்தக் கடைசிப் பேச்சை நான் தொட்டிக்கருகில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மாஸ்டர் அதைச் சொல்லும்போது நான் அங்கே இருந்தது அவருக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஆயுத பூசை அக்டோபரில் வந்தது. தோட்டத்தில் அன்றைக்குப் பால் வெட்டுகிற கத்தியிலிருந்து ரப்பர் ஷீட்டு அழுத்துகிற இயந்திரம் வரை சந்தனப் பொட்டு இல்லாத சாமான் இருக்காது. ரயில் பட்டறையில் எஞ்சினுக்கே மாலை போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த வழக்கம் கிடையாது. ஆனால் என் கைக்கு வேலை கொடுக்கிற சாமான்களை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. முதல் நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் காலி. கண்ணாடி எல்லாவற்றையும் கழுவினேன். செம்புக் கொதிகலனைத் தேய்த்தேன். கடைசியாகப் பையன்கள் உபயோகிக்கிற எடைக்கல் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே நீல வெல்வெட்டுத் துணி. அதில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு குழி. கல் என்று சொன்னாலும் எல்லாம் பித்தளை. ஐம்பது கிராமிலிருந்து ஒரு கிராம் வரை, தலையில் சின்னக் குமிழோடு, சதுரங்கக் காய்கள் மாதிரி வரிசையாக நிற்கும். வருஷக்கணக்கில் கறுத்துப்போய் இருந்தன. அவற்றைக் கையால் தொடக்கூடாது, சாமணத்தால்தான் எடுக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விரலின் அழுக்குப் பட்டால் எடை கூடிவிடுமாம். அழுக்குச் சேர்ந்தால் கெடுதல் என்றால் அழுக்கை எடுப்பது நல்ல காரியம்தானே? எனக்கு அப்படித்தான் பட்டது. மாஸ்டரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பழம்புளியைத் தேங்காய்ச் சிரட்டையில் கரைத்து, எல்லாக் கல்லையும் அதில் மத்தியானம் வரை ஊறப்போட்டேன். பிறகு செங்கல் பொடி தொட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். குமிழின் கழுத்தில் ஏறியிருந்த கறுப்பு லேசில் போகவில்லை, தேங்காய் நாரை முறுக்கித் தேய்த்தேன். கழுவித் துடைத்து வெல்வெட்டில் வைத்தபோது கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னின. தராசின் கண்ணாடிக் கூண்டில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, ஒரு மல்லிகைப் பூவைப் பெட்டி மேல் வைத்துக் கும்பிட்டேன். திங்கட்கிழமை காலையில் யாரும் வருவதற்கு முன்னால் பொட்டையும் பூவையும் எடுத்துவிட்டேன்.

பையன்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ, புதுப் பெட்டி லா!" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை மாஸ்டர் ஒரு முன்னோட்டப் பரீட்சை வைத்தார். காய வைத்த சோடா உப்பில் ஐந்து கிராமும் சொச்சமும் நிறுத்து, தண்ணீரில் கரைத்து, அதற்கு எவ்வளவு அமிலம் செலவாகிறது என்று அளக்க வேண்டும். அமிலம் நீளமான கண்ணாடிக் குழாயில் இருக்கும். அடியில் திருகு. சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், கீழே குடுவையில் மஞ்சளாக இருக்கிற தண்ணீர் ஒரே சொட்டில் சிவந்துவிடும். அந்தச் சொட்டு எங்கே என்பதுதான் பரீட்சை. தராசு ஒன்றுதான். எட்டுப் பேரும் வரிசையாக நின்று நிறுத்தார்கள். முதலில் நின்றவன் கோட்டர்ஸ் பையன்.

மாஸ்டர் தன்னுடைய எடைக்கல் பெட்டியைத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். அதை வைத்து அவர் அதே சோதனையை ஏற்கனவே செய்து விடையைக் குறித்து வைத்திருந்தார். இருபத்தைந்து சி.சி. அமிலம் செலவாக வேண்டும்.

வியாழக்கிழமை அவர் திருத்திய தாள்களோடு வந்தார். உட்காரவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் போட்டார். எட்டுப் பேருக்கும் இருபத்தைந்துக்குக் கால் குறைவு. ஒருவனுக்கு ஒரு பொட்டுக் கூட, ஒருவனுக்கு ஒரு பொட்டுக் குறைய, அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் இங்கிலீஷில் பேசினார். கோபம் கூடியதும் தமிழ்ப் பையன்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"எட்டுப் பேரும் எட்டு விதமாப் பிழை விட்டிருந்தா நான் சந்தோசப்பட்டிருப்பன். எட்டுப் பேரும் ஒரே பிழை எண்டா அதுக்கு என்ன அர்த்தம்? ஒருத்தன் செய்தான், ஏழு பேர் பாத்து எழுதினாங்கள். முதல் ஆளா நிண்டது நீதானே?"

கோட்டர்ஸ் பையன் எழுந்தான். "நான் யாருக்கும் காட்டலை சார். என் கணக்கு சரியா இருக்கு சார்."

"சரியா இருக்கோ? அப்ப நான் பிழையோ?"

"அது எனக்குத் தெரியலை சார். ஆனா என் கணக்கு சரி."

அந்தப் பதில் காரியத்தைக் கெடுத்துவிட்டது. திங்கட்கிழமை ஹெட்மாஸ்டரான பெரிய துரையிடம் சொல்லப்போவதாக மாஸ்டர் சொன்னார். எட்டுப் பேரின் பெயரையும் ரசாயனப் பரீட்சையிலிருந்து எடுத்துவிடுவது. விடையைக் காட்டிக் கொடுத்தவனைப் பள்ளிக்கூடத்திலிருந்தே அனுப்பிவிடுவது. பையனின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன்.

நானும் பிரிக்பீல்ட்ஸில்தான் குடியிருந்தேன். அவன் அப்பா ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிறவர். எங்கள் இரண்டு வரிசை வீடுகளுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். மறுநாள் விடிகாலையில் அங்கே என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, நீங்க அந்த ரூமுலதானே நிக்கிறீங்க? எம் மவன் காப்பி அடிச்சானா?"

நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சிங்கப்பூருல டாக்டர் படிப்புக்கு இந்தப் பாடம் வேணுமாம்ணே. வேற எதுலயும் இத்தனை பிடிவாதம் கெடையாது அவனுக்கு. நேத்துலேருந்து சாப்பிடலை. 'அப்பா, நான் பாத்ததை எழுதினேன்'ங்கிறான். அதையே சொல்லிட்டு இருக்கான்." அவர் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பக்கமும் உண்மை மாதிரியே இருக்குதேண்ணே."

அந்த வார்த்தை என் கூடவே பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பையன் பொய் சொல்கிறவன் அல்ல. மாஸ்டர் சோதனையில் தவறுகிறவர் அல்ல. இரண்டு பக்கமும் உண்மை என்றால், நடுவில் ஏதோ ஒன்று பொய் சொல்லியிருக்க வேண்டும். அது ஆளாக இல்லாமல் சாமானாக இருக்கலாம். சாமான்கள் என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திருகுக் குழாய் ஒழுகுகிறதா? கோடு வரை தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் விட்டேன். ஒரு பொட்டு இறங்கவில்லை. சோடா உப்பு ஈரமாக இருந்ததா? மாஸ்டர் சொன்னபடி சட்டியில் வறுத்துக் காய வைத்தது நான்தான். வாயில் ஒரு துளி போட்டுக்கூடப் பார்த்தேன், நாக்கு எரிந்ததுதான் மிச்சம். தண்ணீர், குடுவை, எதுவும் அகப்படவில்லை.

சனிக்கிழமை காலையில் தொட்டிக்குப் பின்னால் பெருக்கினேன். பூசைக்கு முன்னால் நான் போட்ட சிரட்டை அங்கேயே கிடந்தது. புளித்தண்ணீர் காய்ந்துபோய்ச் சிரட்டையின் உள்பக்கம் முழுக்க ஒரு படலம். மயில் கழுத்துப் பச்சை.

புளி பழுப்பு நிறம். செங்கல் பொடி சிவப்பு. சிரட்டை கறுப்பு. இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

வீட்டில் புளி போட்டுப் பாத்திரம் விளக்குகிறவர்கள் பச்சைத் தண்ணீரைப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். பார்த்தாலும் கேட்கமாட்டார்கள், ஊற்றிவிடுவார்கள். நானும் அத்தனை வருஷம் ஊற்றியவன்தான். அன்றைக்கு என்னவோ சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் காணாமல் போகாது, இடம்தான் மாறும் என்று மாஸ்டர் சொன்னாரே. இந்தப் பச்சை இதற்கு முன்னால் வேறு எங்கோ இருந்திருக்க வேண்டும். களிம்பு பிடித்த பித்தளையில் இதே பச்சையைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் இது பித்தளை. என் எடைக்கற்களில் இருந்த பித்தளை. நான் எடுத்தது அழுக்கை மட்டும் அல்ல.

பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் வருஷத்துக்கு ஒருமுறை எடைக்கல்லைச் சோதிக்க ஆள் வருவார். தேய்ந்த கல்லின் அடியில் ஈயம் ஊற்றிச் சரிக்கட்டி முத்திரை போடுவார். தேய்ந்த கல்லால் நிறுத்தால் சாமான் குறையும். சோடா குறைந்தால் அமிலமும் குறையத்தான் செய்யும். எட்டுப் பேரும் நிறுத்தது அந்த ஒரே ஐந்து கிராம் கல்லால்தான்.

ஆனால் இதெல்லாம் என் நினைப்பு. நிச்சயமாகத் தெரிந்துகொள்வது எப்படி? மாஸ்டரின் பெட்டி பூட்டிய அலமாரிக்குள். தராசை நான் தொடக்கூடாது என்பது உத்தரவு, துடைக்க மட்டும்தான் அனுமதி. வெகுநேரம் நின்றேன். பிறகுதான் தோன்றியது: இதற்கு மாஸ்டரின் பெட்டி எதற்கு? நாலாம் வகுப்புக் கணக்குப் போதுமே. ஒன்றும் இரண்டும் இரண்டும் ஐந்து.

கூண்டைத் திறந்தேன். சாமணத்தால் ஐந்து கிராம் கல்லை இடத் தட்டில் வைத்தேன். வலத் தட்டில் இரண்டு இரண்டு கிராம் கல்லும் ஒரு கிராம் கல்லும். மூச்சை அடக்கிக்கொண்டு கைப்பிடியைத் திருகினேன். முள் நடுவில் நிற்கவேண்டும். நிற்கவில்லை. ஐந்தின் பக்கம் மெதுவாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே இருந்தது. கற்களைத் தட்டு மாற்றி வைத்துப் பார்த்தேன். முள்ளும் மாறி ஐந்தின் பக்கமே போனது. சின்னக் கல் மூன்றையும் நான் தனித்தனியாக, சுற்றிச் சுற்றித் தேய்த்திருக்கிறேன். அவை அதிகம் இழந்திருக்கின்றன.

சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் செய்த தப்பைக் கண்டுபிடித்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அது அரை மணி நேரம்தான். இதை மாஸ்டரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் கூண்டை மூடிவிட்டேன். வேலை போகும். அதைவிட, பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டு வாசல் வரை இரண்டு தடவை போனேன். இரண்டாம் தடவை அவர் வீட்டு நாய் குரைத்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்னால் மாஸ்டர் உள்ளே வந்தபோது அவர் மேசை மேல் சிரட்டை இருந்தது.

"இதென்ன சிரட்டை? ஆர் வைச்சது?"

"நான்தாங்க."

"ஏன்?"

"புளிங்க."

"புளியோ? காலங்காத்தால என்ன காணும் இது? நான் துரையைப் பாக்கப் போகவேணும்."

"எடைக்கல்லுங்க," என்றேன். மேலே வரவில்லை. அவர் கிளம்பப் பார்த்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தராசுக் கூண்டைத் திறந்தேன்.

"கை வையாதையும்!" என்று கத்தினார்.

வைத்தேன். அந்தப் பக்கம் ஐந்து. இந்தப் பக்கம் இரண்டு, இரண்டு, ஒன்று. கைப்பிடியைத் திருகிவிட்டு விலகி நின்றேன். மாஸ்டர் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். பிறகு சிரட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"புளி போட்டு விளக்கினீரோ?"

"ஆமாங்க. ஆயுத பூசைக்குங்க."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்ங்க. செங்கல் பொடியும் போட்டேனுங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து சாவியைப் போட்டுத் தன் பெட்டியை எடுத்தார். அவருடைய ஐந்தையும் பையன்களின் ஐந்தையும் எதிரெதிரே வைத்தார். எங்கள் கல் மேலே போனது. சின்னச் சின்னத் தகட்டு எடைகளைப் போட்டுச் சரிக்கட்டினார். காகிதத்தில் கணக்குப் போட்டார். எட்டுத் தாள்களையும் இழுத்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசித் தாள் முடிந்ததும் பேனாவை வைத்தார்.

"இருபத்தஞ்சு," என்றார். "எட்டும் இருபத்தஞ்சு."

வெளியே மணி அடித்தது. அவர் அசையவில்லை.

"எட்டுப் பொடியளையும் இண்டைக்கு வெட்டிப்போட இருந்தனான். ஏன் காணும் என்னட்டை முதல் ஒரு வார்த்தை கேக்கேல்லை, புளி போடலாமோ எண்டு?"

"கேக்கத் தெரியலீங்க."

அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீரே வந்து பொடியளுக்குச் சொல்லும்," என்றார். "நான் சொன்னா நம்பமாட்டாங்கள். நான்தானே போன கிழமை வேற கதை சொன்னது."

வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. எட்டுப் பேர் முன்னால் நின்று, சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் எடைக்கல்லைப் புளியில போட்டுத் தேச்சிட்டேனுங்க. அதனாலதான் குறைஞ்சுது. நீங்க யாரும் தப்புப் பண்ணலை," என்றேன். தமிழ்ப் பையன்களில் மற்றவன் சிரித்துவிட்டான். சீனப் பையன் ஒருவன் என்னவென்று அவனைக் கேட்டு, புளிக்கு மலாயில் அசாம் என்று தெரிந்ததும், "அசாம்! இவர் எடைக்கல்லுக்கு அசாம் போட்டாராம் லா! நாளைக்கு மீன் போட்டுக் குழம்பு வைப்பார்!" என்று மேசையைத் தட்டினான். அறையே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஆனாலும் அந்தச் சிரிப்பில் அவர்கள் நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது என்பது புரிந்தது.

கோட்டர்ஸ் பையன் மட்டும் சிரிக்கவில்லை. மாஸ்டர் அவன் மேசைக்குப் போய் நின்று இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் 'நான் தவறிவிட்டேன்' என்ற அளவு எனக்குப் புரிந்தது. பையன் எழுந்து நின்றான். குழாயின் திருகைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். மாஸ்டர் பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி வந்தார். அப்படிக் காத்திருக்காததும் சரி என்றே எனக்குத் தோன்றியது.

பெரிய துரை அன்றைக்கே வந்து பெட்டியைப் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை மாஸ்டர் எனக்கு மொழிபெயர்த்தார். "இவ்வளவு பளபளப்பான எடைக்கல்லைத் தான் சீமையிலயும் காணேல்லையாம். இனிமேல் காணவும் கூடாதாம்." என் வேலை போகவில்லை.

சாயங்காலம் குழாயடியில் பையனின் அப்பா எனக்காகவே காத்திருந்த மாதிரி நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணே, கேட்டீங்களா? எம் மவன் காப்பி அடிக்கலைன்னு மாஸ்டரே சொல்லிட்டாராம். எவனோ ஒரு மடப்பய எடைக்கல்லைத் தேச்சு வச்சிருக்கான்ணே!"

"நான்தாண்ணே அது," என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழாயின் கீழே நிறைந்துகொண்டிருந்த தன் வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டு, என் வாளியை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

புதுப் பெட்டி கப்பலில் வர நாளாகும் என்பதால், மாஸ்டர் ஒவ்வொரு கல்லும் எவ்வளவு இழந்தது என்று நிறுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டினார். எட்டுப் பேரும் டிசம்பரில் அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்தித்தான் பரீட்சை செய்தார்கள். எட்டுப் பேரும் தேறினார்கள் என்று செய்தி வர மறு வருஷம் ஆகிவிட்டது.

பரீட்சை முடிந்த அன்று எல்லாரும் போன பிறகு கோட்டர்ஸ் பையன் தொட்டியருகில் வந்து நின்றான். அந்த விவகாரத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"தம்பி, அந்தச் சிரட்டை இருக்குதா?"

எடுத்துக் கொடுத்தேன். தூக்கிப்போட எனக்கு மனம் வராமல் ஜன்னல் மேல் வைத்திருந்தேன். அவன் பச்சைப் படலத்தைச் சுரண்டி ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டான். கொஞ்சம் தண்ணீரும் இரண்டு சொட்டு அமிலமும் விட்டான். தண்ணீர் இளநீலமாக மாறியது. உப்புத்தாளால் தேய்த்த ஓர் இரும்பு ஆணியை அதில் இறக்கினான்.

"நாளைக்குப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் வந்ததும் நேரே அங்கேதான் போனேன். ஆணியின் முழுகியிருந்த பாதி சிவந்திருந்தது. புதுச் செம்புக் குடத்தின் சிவப்பு. எங்கள் எட்டுப் பையன்களையும் நாலு நாள் திருடர்களாக்கிய அந்தக் காணாமல் போன எடை, ஓர் ஆணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க வேறு ஒன்று உறுத்தியது. பித்தளை மஞ்சள். இது சிவப்பு. செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதான் பித்தளை என்பது பாத்திரக் கடையில் நிற்கிற எவனுக்கும் தெரியும்.

மாஸ்டர் தன் மேசையில் பொருள்களை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன்.

"செம்பு ஆணியில ஏறிடுச்சுங்க," என்றேன். "துத்தநாகம் எங்கேங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் நான் அவரைக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அது தண்ணியிலயே நிக்குது," என்றார். "வெளியில வராது. உம்மைப்போல கூச்சம் அதுக்கு."

நான் "சரிங்க" என்று சொல்லித் திரும்பினேன். கதவு வரை போனேன். திரும்பி வந்தேன்.

"ஏனுங்க வராது?"

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.